பத்து மணிக்குள் வரவேண்டிய கணக்கு

பள்ளி அறிவியல் கண்காட்சி எங்கே நடந்தாலும் அந்தத் தொட்டி அங்கே இருக்கும். கையை நீட்டினால் மூடி தானாகத் திறக்கும். உள்ளே ஒரு அல்ட்ராசோனிக் சென்சார், ஒரு குட்டி செர்வோ மோட்டார், ஒரு ஆர்டுயினோ போர்டு. மேலே சார்ட் அட்டையில் ‘ஸ்மார்ட் டஸ்ட்பின்’ என்று கலர் கலராக எழுதியிருப்பார்கள். அதற்குக் கீழே ‘உணவு வீணாவதைத் தடுப்போம்’ என்று ஒரு வரி. மூடியைக் கையால் திறந்தால் என்ன, தானாகத் திறந்தால் என்ன, விழுகிற சோறு விழத்தானே போகிறது என்று கேட்கத் தோன்றும். பிள்ளைகளின் முகத்தைப் பார்த்துவிட்டு யாரும் கேட்பதில்லை. கேட்கவேண்டும் என்பது என் கட்சி. வியாசர்பாடி, கொருக்குப்பேட்டை, தண்டையார்பேட்டைப் பிள்ளைகளிடம் கூடுதலாகவே கேட்கவேண்டும். வடசென்னைக் குப்பை போய்ச் சேரும் கொடுங்கையூர் கிடங்கின் நாற்றத்தையும் புகையையும் சுவாசித்து வளர்கிற பிள்ளைகள் அவர்கள். நிஜமான கருவி ஒன்றைக் கட்டும் கைத்திறனும் அவர்களிடம் இருக்கிறது. அதைத் தொட்டி மூடியோடு நிறுத்திவிடுகிறோம்.

சத்துணவில் வீணாகும் சோற்றில் பெரும்பங்கு, அது வாளியில் விழுவதற்கு மூன்று மணி நேரம் முன்பே வீணாகிவிடுகிறது. காலை பத்து மணி வாக்கில் அரிசியை அளந்து உலையில் போடும்போது அந்த முடிவு எடுக்கப்பட்டுவிடுகிறது. ஒரு நடுநிலைப் பள்ளியை வைத்துக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒன்று முதல் ஐந்து வரை 120 பேர், ஆறு முதல் எட்டு வரை 90 பேர். மத்திய அரசு வகுத்த அளவுப்படி கீழ் வகுப்புகளுக்குத் தலைக்கு 100 கிராம் தானியம், மேல் வகுப்புகளுக்கு 150 கிராம். எல்லாரும் வந்து எல்லாரும் சாப்பிட்டால் 12 கிலோவும் 13.5 கிலோவுமாக 25.5 கிலோ அரிசி. ஒரு நீண்ட விடுமுறை முடிந்த திங்கட்கிழமை நூற்றுக்குப் பதினைந்து பேர் வரவில்லை என்றால் கீழே 102 பேர், மேலே 76 பேர், தேவை 21.6 கிலோ. வித்தியாசம் 3.9 கிலோ அரிசி. ஒரு கிலோ அரிசி வெந்தால் இரண்டரை கிலோவிலிருந்து மூன்று கிலோ சோறாகும். ஆக ஏறக்குறைய 10 கிலோ சோறு யார் தட்டையும் தொடாமலே மிஞ்சும். இதில் பிள்ளைகள் செய்த தப்பு ஒன்றும் இல்லை. சமையலரும் தப்புச் செய்யவில்லை. அவர் கையில் எந்த எண் இருந்ததோ அதற்குத்தான் உலை வைத்தார்.

சரியான எண் ஏன் அவர் கைக்கு வரவில்லை? பன்னிரண்டரை வாக்கில் பந்தி தொடங்கவேண்டும் என்றால், பெரிய அண்டாவில் சோறு வெந்து, சாம்பார் சாதமாகவோ புளியோதரையாகவோ கிளறி இறக்குவதற்குப் பத்தரைக்குள் அரிசி உலைக்குள் போயிருக்கவேண்டும். வருகைப் பதிவு முதல் பாடவேளையில் நடக்கிறது. ஆசிரியர் தன் கைப்பேசியில் கல்வித்துறைச் செயலியைத் திறந்து வருகை போடுகிறார். அந்த எண் துறையின் சர்வர் வரை போகிறது. அதே வளாகத்தில் நாற்பது அடி தள்ளி இருக்கும் சமையற்கூடத்துக்கு வருவதில்லை, வந்தாலும் யாராவது ஒரு பையன் ஓடிவந்து சொன்னால்தான் உண்டு. அதோடு, வந்திருப்பவர் எண்ணிக்கையும் சாப்பிடுபவர் எண்ணிக்கையும் ஒன்றாக இருப்பதில்லை. வீட்டிலிருந்து டப்பா கொண்டுவருகிற பிள்ளைகள் உண்டு. அவர்களிலும் வெஜிடபிள் பிரியாணியும் மிளகு முட்டையும் போடுகிற நாளில் தட்டோடு வரிசையில் நிற்பவர்கள் உண்டு. ‘இன்னைக்கு இங்க சாப்பிடுறவங்க கையத் தூக்குங்க’ என்று டீச்சர் கேட்டு எண்ணுகிற எண்தான் உலைக்கு உதவும். 1920இல் ஆயிரம் விளக்குப் பள்ளியில் மதிய உணவு கொடுக்க சென்னை மாநகராட்சி ஒப்புதல் தந்தபோதே, ஒரு மாணவருக்கு நாளொன்றுக்கு ஒரு அணாவுக்கு மிகக்கூடாது என்று வரம்பு வைத்தார்கள். தலைக்கு இவ்வளவு என்கிற கணக்கு அன்றிலிருந்து ஓடுகிறது. இன்றைக்கு எத்தனை தலை என்பதுதான் இன்னும் ஓடிவந்து சொல்லவேண்டிய விஷயமாக இருக்கிறது.

(காலைச் சிற்றுண்டியை இந்தக் கட்டுரையில் ஒதுக்கி வைக்கிறேன். மாநகராட்சிப் பள்ளிகள் பலவற்றுக்கு அது பொதுச் சமையற்கூடத்திலிருந்து வண்டியில் வருகிறது. விடியும் முன்னே அடுப்பு பற்றவைத்தாகிவிடும். ஐப்பசி, கார்த்திகையில் காலை ஆறரைக்கு மழை விடுமுறை அறிவித்தால் பள்ளியில் எந்தக் கருவி இருந்தும் பயனில்லை.)

மிச்சம் தனி, எச்சில் தனி

கண்காட்சித் தொட்டியைத் தாண்டி வருகிற மாணவர்கள் அடுத்தபடியாகச் செய்வது, வாளிக்கு அடியில் தராசு வைப்பது. நல்ல நகர்வுதான். எடை உணரும் லோட் செல் ஒன்று, அதன் சமிக்ஞையை எண்ணாக மாற்றும் எச்எக்ஸ்-711 சில்லு, குட்டிக் கணினியாக வேலை செய்யும் ஒரு இஎஸ்பி-32 போர்டு, ஒரு சின்னத் திரை. சாப்பிட்டு முடிந்ததும் திரையில் ‘9.0 கிலோ’ என்று வரும். இந்த இடத்தில்தான் பெரும்பாலான முயற்சிகள் வழி தவறுகின்றன, அதனால் கொஞ்சம் நின்று பார்க்கலாம். ஒன்பது கிலோ என்று தெரிந்ததும் என்ன நடக்கும்? மறுநாள் பிரேயரில் ‘சோத்த வீணாக்காதீங்க’ என்று ஒரு பேச்சு. எந்த வகுப்பு அதிகம் கொட்டியது என்று ஒரு விசாரணை. யாருக்கோ ‘உணவுக் காவலர்’ பேட்ஜ். அந்த ஒன்பதில் ஏழு கிலோ, பரிமாறாமல் அண்டாவின் அடியில் நின்றுபோய்க் கடைசியில் வாளியில் கவிழ்த்த சோறாக இருந்தால், அந்தப் பேச்சு யாருக்கு? ஒன்றாம் வகுப்புக் குழந்தைக்கு அதில் என்ன பங்கு?

ஒரு வாளியை இரண்டாக்குவதுதான் இந்த முழு வேலையிலும் பெரிய திருப்பம். அதற்குப் பைசா செலவில்லை. பந்தி முடிந்ததும் அண்டாவில் நிற்கும் மிச்சத்தை முதலில் ஒரு சுத்தமான எவர்சில்வர் வாளியில் எடுத்து நிறுக்கவேண்டும். தட்டிலிருந்து விழும் எச்சிலுக்குத் தனி வாளி, தனி எண். மிச்சம் அதிகம் என்றால் காலையில் அளந்த அரிசியில் கோளாறு. எச்சில் அதிகம் என்றால் கரண்டியிலோ ருசியிலோ கோளாறு. இரண்டுக்கும் மருந்து வேறு, மருந்து கொடுக்கவேண்டிய ஆளும் வேறு. ஒரே வாளியில் கலந்துவிட்டால் எந்த மருந்தும் தோன்றாது, அறிவுரைதான் தோன்றும்.

எச்சில் வாளியின் எண்ணை நம்புவதற்கு முன் அதில் என்னென்ன விழுகிறது என்று ஒரு வாரம் கையுறை போட்டுக்கொண்டு பார்த்துவிடுவது நல்லது. முதல் எதிரி தண்ணீர். குழந்தைகள் தட்டைக் குழாயடியில் கழுவி அந்தத் தண்ணீரோடு வாளியில் ஊற்றினால், எடையில் பாதி தண்ணீராகத்தான் இருக்கும். ஆகவே வாளி குழாய்க்கு முன்னால், நான்கைந்து அடி இடைவெளி விட்டு இருக்கவேண்டும். தட்டைத் தட்டி வழித்துவிட்டுத்தான் குழாய்க்குப் போகவேண்டும். இரண்டாவது, தின்ன முடியாதவை: முருங்கைக்காய்ச் சக்கை, கறிவேப்பிலை, வற்றல் மிளகாய், முட்டைக்குப் பதிலாக வாழைப்பழம் வாங்கிய பிள்ளை போடும் தோல். சாம்பார் நாளில் முருங்கைச் சக்கை மட்டுமே கணிசமாக ஏறும். அதற்கு ஒரு பழைய பெயின்ட் டப்பா பக்கத்தில் வைத்தால் போதும். மூன்றாவது முட்டை. முட்டையை எடையில் சேர்க்காமல் எண்ணிக்கையாகவே குறிக்கலாம். மஞ்சள் கருவை மட்டும் ஒதுக்கும் பிள்ளைகள் எல்லாப் பள்ளியிலும் இருக்கிறார்கள், அதைக் கிராம் கணக்கில் பிடிக்க முயன்றால் வேறு எல்லாம் குழம்பும்.

தராசு கட்டும்போது

சாமான் எல்லாம் சென்னையில் எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவில் கிடைக்கும். 20 கிலோ தாங்கும் அலுமினியப் பட்டை லோட் செல், எச்எக்ஸ்-711, இஎஸ்பி-32, டிஎம்-1637 என்கிற நான்கு இலக்கச் சிவப்புத் திரை, இரண்டாக வெட்டிய ஒரு பிளைவுட் துண்டு. பேரம் பேசத் தெரிந்தால் எல்லாம் சேர்ந்து ஆயிரத்து ஐந்நூறு ரூபாய்க்குள் முடியும். பட்டையின் ஒரு முனை கீழ்ப் பலகையோடும் மறுமுனை மேல் பலகையோடும் திருகப்படவேண்டும். நடுப்பகுதி எதையும் தொடாமல் அந்தரத்தில் நிற்கவேண்டும். அதற்குத் திருகு போடும் இடத்தில் மட்டும் இரண்டு வாஷர்களை இடையில் வைக்கவேண்டும். இதை மறந்து பட்டையைப் பலகையோடு தட்டையாக முடுக்கிவிட்டு ‘சார், சென்சார் வேலை செய்யல’ என்று வருபவர்கள் அதிகம். பட்டையில் ஒரு அம்புக்குறி இருக்கும். அது பாரம் இறங்கும் திசையைக் காட்டவேண்டும். தலைகீழாக மாட்டினால் எடை மைனஸில் வரும், அதை மென்பொருளில் திருப்பிக்கொள்ளலாம், பயமில்லை.

இந்தச் செல் முழுப் பாரத்தில் கொடுக்கும் சமிக்ஞை சில மில்லிவோல்ட்தான். அதனால் செல்லுக்கும் எச்எக்ஸ்-711க்கும் நடுவில் கம்பி ஒரு சாணுக்கு மேல் நீளக்கூடாது. நீட்டவேண்டுமானால் எச்எக்ஸ்-711க்கும் இஎஸ்பி-32க்கும் இடையில் நீட்டலாம், அங்கே ஓடுவது டிஜிட்டல் சமிக்ஞை. எச்எக்ஸ்-711க்கு 5 வோல்ட் கொடுத்தால் அது இஎஸ்பி-32க்கும் 5 வோல்ட் சமிக்ஞையைத்தான் அனுப்பும். அந்த போர்டுக்கு 3.3 வோல்ட்தான் தாங்கும். ஆகவே 3.3 வோல்ட்டிலேயே இரண்டையும் ஓட்டலாம், துல்லியம் இந்த வேலைக்குப் போதும். விநாடிக்குப் பத்து அளவீடு எடுத்து, பதினைந்து அளவீட்டைச் சிறிதிலிருந்து பெரிதாக அடுக்கி நடுவில் நிற்கும் எண்ணை எடுத்துக்கொண்டு, கடைசிப் பத்தும் இருபது கிராமுக்குள் நின்றால் மட்டும் எடையைப் பதியவேண்டும். சராசரி எடுப்பதைவிட நடு எண் எடுப்பது நல்லது. யாராவது வாளியை இடித்தால் வரும் ஒரு பைத்தியக்கார எண் சராசரியைக் கெடுத்துவிடும், நடு எண்ணை அசைக்காது.

எல்லாரும் விழும் குழி ஒன்று உண்டு. இணையத்தில் கிடைக்கும் மாதிரி நிரல்களில் பெரும்பாலானவை கருவி உயிர்பெற்றவுடனே பூஜ்யத்தைப் புதிதாக எடுத்துக்கொள்ளும். வீட்டுத் தராசுக்கு அது சரி. பள்ளியில் பந்தி நடுவில் கரண்ட் போய்வரும். அப்போது வாளியில் நான்கு கிலோ இருந்தால் அந்த நான்கையும் பூஜ்யமாக எடுத்துக்கொண்டு கருவி மறுபடி தொடங்கும். அன்றைக்கு எச்சில் குறைந்ததாகப் பதிவாகும், எல்லாரும் கைதட்டுவார்கள். வெறும் வாளியின் எடையை இஎஸ்பி-32இன் நிரந்தர நினைவகத்தில் ஒருமுறை எழுதி வைத்துவிட்டு, ஒரு பொத்தானை ஐந்து விநாடி அழுத்திப் பிடித்தால் மட்டும் பூஜ்யம் மாறுகிற மாதிரி எழுதினால் இந்தத் தொல்லை தீரும். பவர் பேங்க் வைத்து ஓட்டலாம் என்றால் அதிலும் ஒரு சிக்கல்: மின்சாரத்தை மிச்சம்பிடிக்க போர்டைத் தூங்கவிட்டால், இழுக்கும் மின்னோட்டம் குறைந்து, ‘யாரும் சார்ஜ் போடவில்லை’ என்று நினைத்து பவர் பேங்க் தானே அணைந்துகொள்ளும். ஒன்றரை மணி நேர வேலைக்கு போர்டைத் தூங்கவிடாமல் இருந்தாலே போதும்.

தராசு காட்டும் எண்ணை நிஜ எடையோடு பொருத்தும் அளவுத்திருத்தத்துக்கு முத்திரை குத்திய 2 கிலோ, 5 கிலோ இரும்புப் படிக்கல்லை மளிகைக்கடையில் அரை மணி நேரம் இரவல் வாங்கலாம். கிடைக்காவிட்டால் ஐந்து லிட்டர் தண்ணீர் ஐந்து கிலோ. சூடான அண்டாவைத் தராசின்மேல் வைக்கவே கூடாது. சூடு ஏறினால் செல்லின் எண் நகரும். யாராவது ஒரு பையன் மேல் பலகையில் ஏறி நிற்பான், அது நிச்சயம். பட்டையின் தொங்கும் முனைக்குக் கீழே ஒரு போல்ட்டைத் திருகி, முழுப் பாரத்தில் பட்டை எவ்வளவு தாழுமோ அதற்கு மயிரிழை கீழே அதன் தலை நிற்கும்படி வைத்தால், அதிகப் பாரம் போல்ட்டில் இறங்கும், செல் தப்பும்.

காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரை கடலோரப் பள்ளிகளுக்கு இன்னொரு எச்சரிக்கை. உப்புக் காற்றும் சமையல் ஆவியும் சேர்ந்தால், குத்தி இணைக்கும் ஜம்பர் கம்பிகளின் முனை சில வாரத்தில் பச்சை பூத்துவிடும். எடை தன்னால் ஆடத் தொடங்கும். துளைகள் போட்ட புள்ளி போர்டில் கம்பிகளை ஈயம் வைத்துப் பற்றவைத்துவிடுவதே வழி. ஈரம் புகாமல் சிலிக்கோன் பூசுவதாக இருந்தால் வினிகர் வாசனை அடிக்கிற வகையை வாங்கக்கூடாது. அதிலிருந்து கசியும் அமிலம் செம்பை அரிக்கும். நியூட்ரல் வகை என்று கேட்டு வாங்கவேண்டும்.

வைஃபை இல்லாத பள்ளியில் இதெல்லாம் எப்படி என்று கேட்பவர்களுக்கு: வைஃபை தேவையே இல்லை. இஎஸ்பி-32 தானே ஒரு ஹாட்ஸ்பாட்டாக நிற்கும். டீச்சர் கைப்பேசியை அதில் இணைத்து பிரவுசரில் 192.168.4.1 என்று அடித்தால் அன்றைய எண்கள் வரும். நேரம் தவறாமல் இருக்க டிஎஸ்-3231 கடிகாரச் சில்லும், சேமிக்க ஒரு மெமரி கார்டும் போதும். இவை எதுவும் வேண்டாம் என்றாலும் திரையைப் பார்த்து நோட்டில் எழுத ஒரு எட்டாம் வகுப்பு மாணவி போதும். நோட்டு ஹேங் ஆகாது.

அரிசிப் பக்கம்

இத்தனையும் செய்து கிடைக்கும் எண் நேற்று என்ன நடந்தது என்றுதான் சொல்லும். சோற்றைக் குறைக்கவேண்டுமானால் இன்று காலை என்ன செய்வது என்று சொல்லவேண்டும். அதற்காக இரண்டாவது கருவி: சாமான் அறையில் ஒரு மேடைத் தராசு, பக்கத்தில் எண்களை அழுத்தும் எண்பலகை (கீபேட்) ஒன்று. மேடைக்குக் குளியலறைத் தராசில் வரும் 50 கிலோ செல் நான்கு வாங்கி, நான்கு மூலையிலும் வைத்து ஒரே எச்எக்ஸ்-711இல் இணைக்கலாம். ஒவ்வொன்றிலும் மூன்று கம்பி வரும். ஒரு ஜோடி மாறினாலும் ஒரு மூலையில் வைத்த எடை குறைந்து காட்டும். இரண்டு கிலோவை நான்கு மூலையிலும் மாற்றி மாற்றி வைத்து ஒரே எண் வருகிறதா என்று பார்த்தாலே பிழை தெரிந்துவிடும். செல்லின் நடுநாக்கு வளைய இடம் வேண்டும். பசை போட்டு அப்பிவிட்டால் அது வெறும் இரும்புத் துண்டு.

எண்பலகையில் வகுப்புத் தலைவர்கள் வந்து வகுப்பையும் எண்ணிக்கையையும் அழுத்தவேண்டும். 24 என்பதை 240 என்று அழுத்துவது நடக்கும், அதனால் ஒவ்வொரு வகுப்பின் மொத்த எண்ணிக்கையைத் தாண்டினால் ஏற்காதபடி நிரலில் பூட்டு போடவேண்டும். பத்து மணிக்கும் எண் வராத வகுப்பு இருந்தால், அந்த வகுப்பின் போன வார இதே கிழமை எண்ணை எடுத்துக்கொண்டு மஞ்சள் விளக்கு எரியட்டும். யாராவது போய்க் கேட்டுவருவார்கள். கணேசபுரம் சுரங்கப்பாதையில் தண்ணீர் நிற்கும் நாளில் போன வார எண் எதற்கும் உதவாது, அன்றைக்கு மனிதர்தான் கூப்பிட்டுக் கேட்கவேண்டும். பிறகு கணக்கு எளிது: கீழ் வகுப்புத் தலை பெருக்கல் 100, மேல் வகுப்புத் தலை பெருக்கல் 150. திரையில் இலக்கு வரும். ஆயா அளக்கும் பாத்திரத்தை மேடைமேல் வைத்து அரிசியைக் கொட்டக் கொட்ட எண் ஏறும். இலக்கைத் தொட்டதும் பஸ்ஸர் அடிக்கும். சமையற்கூடத்தில் இருப்பவர் கூடுதலாக எதையும் அழுத்தவேண்டியதில்லை, எழுதவேண்டியதில்லை. அது முக்கியம். அவர்களிடம் ஏற்கெனவே இருக்கும் பதிவேடுகளே போதும் போதும் என்றிருக்கிறது.

நேற்றைய மிச்சத்தை வைத்து இலக்கை இன்னும் திருத்தலாமா? திருத்தலாம், ஆனால் மெதுவாக. மெனு முதல், மூன்றாம் வாரம் ஒன்று, இரண்டாம், நான்காம் வாரம் இன்னொன்று என்று சுழல்வதால், புளியோதரையைப் பற்றி மாதத்துக்கு இரண்டு அளவீடுதான் கிடைக்கும். மூன்று அளவீடு சேர ஆறு வாரம் ஆகும். இதை வைத்துக்கொண்டு ‘ஏஐ மாடல் பயிற்சி’ என்று கிளம்புவது வேடிக்கை. அதே உணவு போட்ட கடைசி மூன்று நாளின் மிச்சத்தைச் சராசரி எடுத்து, அதை அரிசிக் கணக்குக்கு மாற்ற 2.75ஆல் வகுத்து, வருவதில் பாதியை மட்டும் இலக்கில் கழிக்கலாம். 6 கிலோ மிச்சம் என்றால் ஏறக்குறைய 2.2 கிலோ அரிசி, கழிக்கவேண்டியது 1.1 கிலோ. அந்த 2.75ஐயும் கண்ணை மூடி எடுக்கக்கூடாது; தங்கள் பள்ளிக்கு வரும் அரிசியில் ஒரு கிலோவை வடித்து நிறுத்துப் பார்த்து, வரும் எண்ணைப் போட்டுக்கொள்ளவேண்டும். கிளறிய சாதத்துக்கு இது இன்னும் மாறும்.

சிவப்புப் பொத்தான்

மேலே சொன்னதில் ஒரு ஆபத்து ஒளிந்திருக்கிறது. மிச்சத்தை மட்டும் அளக்கிற கருவி மிச்சம் குறைந்தால் சந்தோஷப்படும். மிச்சத்தைக் குறைக்க மிகச் சுலபமான வழி குறைவாகச் சமைப்பது. அதைவிடச் சுலபமானது, ‘இன்னும் கொஞ்சம் போடு ஆயா’ என்று வரும் பிள்ளையை ‘அவ்ளோதான் கண்ணு’ என்று அனுப்புவது. வாளி வற்றிவிடும், வரைபடம் அழகாக இறங்கும். வடசென்னையில் எத்தனையோ பிள்ளைகளுக்கு அந்த மதியத் தட்டுதான் அன்றைய முழுச் சாப்பாடு. அவர்களில் ஒருவர் பசியோடு எழுந்துபோனால் கருவி தோற்றுவிட்டது, திரையில் பூஜ்யம் இருந்தாலும்.

அதனால் பரிமாறும் மேசையில் ஒரு பெரிய சிவப்புப் பொத்தான் இருக்கவேண்டும் என்பது என் பிடிவாதம். கேட்ட பிள்ளைக்குப் போட முடியாமல் போனால் அழுத்து. அவ்வளவுதான் அதன் வேலை. எண்ணிக்கையோடு நேரமும் பதியும். கடைசி வகுப்பு உட்கார்வதற்கு முன்பே அண்டா காலியானால் அது அந்த நேரத்திலிருந்து தெரிந்துவிடும். சிவப்புப் பொத்தான் ஒருமுறை அழுத்தப்பட்டாலே, மேலே சொன்னபடி இலக்கில் கழிப்பது அந்த உணவுக்கு ரத்தாகவேண்டும். அடுத்த முறை முழு அளவுக்கே திரும்பவேண்டும். பொத்தானை ஆயா அழுத்துவாரா என்பது நியாயமான சந்தேகம். அழுத்தினால் தன்மேல் பழி வரும் என்று நினைத்தால் அழுத்தமாட்டார். அதனால் வரிசைக் கடைசியில் நிற்கும் மாணவத் தலைவியிடம் அதைக் கொடுப்பது நல்லது. அந்த எண் பள்ளிக்கு வெளியே எங்கும் போகக்கூடாது என்று தலைமையாசிரியரும் சத்துணவு அமைப்பாளரும் கருவி வாங்கும் முன்பே பேசி முடிவு செய்துகொள்ளவேண்டும். இருப்புப் பதிவேட்டோடு இதை ஒட்டிப் பார்ப்பார்கள் என்கிற பயம் ஒருமுறை வந்துவிட்டால் மறுவாரமே தராசின் கம்பி ‘எலி கடித்து’ அறுந்திருக்கும்.

எச்சிலுக்கு மருந்து பெரும்பாலும் கரண்டியில்தான். ஒன்றாம் வகுப்புக்கும் ஐந்தாம் வகுப்புக்கும் ஒரே கரண்டி என்றால் சின்னதுகள் தட்டில் மிஞ்சத்தான் செய்யும். சின்னக் கரண்டி ஒன்று வாங்கி, முதலில் குறைவாகப் போட்டு, கேட்டால் மறுபடி போடுவது என்று இரண்டு வாரம் செய்து பார்த்து, அதற்கு முந்தைய இரண்டு வார எச்சில் எடையோடு ஒப்பிட்டால், மாணவர்கள் ஒரு நிஜமான பரிசோதனை செய்துவிட்டார்கள். மெனு சுழற்சி முழுதாக ஒரு சுற்று வருவதால் இரண்டு பக்கமும் அதே உணவுகள்தான் இருக்கும். இதைக் கண்காட்சியில் வைத்தால் நான் பரிசு கொடுப்பேன்.

தட்டைப் படம்பிடித்து எவ்வளவு மிச்சம் என்று கணிக்கும் கேமரா யோசனையும் அடிக்கடி வருகிறது. எவர்சில்வர் தட்டில் வெயில் பட்டு மின்னும், லென்ஸில் ஆவி படியும், தக்காளி சாதமும் சாம்பார் சாதமும் அதற்கு ஒன்றுபோலத் தெரியும். தட்டோடு குழந்தையின் முகமும் படத்தில் விழும். 2023ஆம் ஆண்டுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் பதினெட்டு வயதுக்குக் கீழே உள்ளவர்களின் தரவுக்குப் பெற்றோர் ஒப்புதல் கேட்கிறது. சட்டத்தை விட்டாலும், எந்தப் பிள்ளை சோற்றைக் கொட்டுகிறது என்று தெரிந்து நாம் என்ன செய்யப்போகிறோம்? தராசுக்கு முகம் தெரியாது, அது அதன் பெரிய குணம். வகுப்புவாரியாக எச்சில் பட்டியல் ஒட்டுவதும் இதே வகைதான். பட்டியலில் கடைசியில் வராமலிருக்க பிள்ளைகள் வேண்டாத சோற்றைப் பக்கத்துத் தட்டில் தள்ளுவார்கள், அல்லது ஜன்னலுக்கு வெளியே காக்காய்க்குப் போடுவார்கள்.

மீந்த சோற்றை என்ன செய்வது என்பது தனிக் கதை. நம் வெயிலில் மதியச் சோறு மாலைக்கே ஊசிப்போகும். சூடாக இருக்கும்போதே யாருக்காவது போய்ச் சேரவில்லை என்றால் எடுத்து வைப்பதில் அர்த்தமில்லை. வெறும் சோற்றை மக்கவைத்தால் நாறும், எலி வரும். காய்ந்த சருகு இரண்டு பங்கு சேர்த்தால்தான் உரமாகும். சாண எரிவாயுத் தொட்டியில் சோற்றை மட்டும் தொடர்ந்து போட்டால் புளித்து வாயு நின்றுபோகும். இவை எல்லாமே மிச்சம் வந்தபின் செய்யும் வேலைகள். கண்காட்சிகளில் இவற்றுக்குக் கிடைக்கும் மரியாதையில் பாதி அரிசி அளக்கும் மேடைக்குக் கிடைத்தால் நன்றாக இருக்கும்.

கருவியைக் கட்டிய எட்டாம் வகுப்பு ஏப்ரலில் வேறு பள்ளிக்குப் போய்விடும். அதோடு பெரும்பாலான கருவிகள் அலமாரிக்குப் போகின்றன. போகும் முன் அவர்கள் செய்யவேண்டியது கொஞ்சம்தான். அளவுத்திருத்த எண்ணையும் வெறும் வாளியின் எடையையும் பெட்டிமேல் பெயின்டால் எழுதவேண்டும். எந்த நிறக் கம்பி எங்கே போகிறது என்று ஒரு படம் வரைந்து மூடிக்குள் ஒட்டவேண்டும். உதிரியாக ஒரு எச்எக்ஸ்-711ஐ அதன் பக்கத்திலேயே டேப் போட்டு வைக்கவேண்டும், அதுதான் முதலில் போகும். நிரலை ஏழாம் வகுப்பில் ஒருவராவது தன் கையால் ஒருமுறை ஏற்றிப் பார்த்திருக்கவேண்டும். கோடை விடுமுறையில் தராசின்மேல் எந்தப் பாரமும் இருக்கக்கூடாது. பழைய நோட்டுப் புத்தகக் கட்டுகளை அடுக்க அதைவிட வசதியான இடம் பள்ளியில் வேறு இருக்காது என்பதால் இதைக் கொட்டை எழுத்தில் எழுதி ஒட்டுவது உத்தமம். ஜூனில் பள்ளி திறந்தால் சேர்க்கை முடிய எப்படியும் இரண்டு வாரம் ஆகும், வகுப்பு எண்ணிக்கை தினமும் மாறும், எண்பலகையில் போட்ட பூட்டு புதுப் பிள்ளைகளை ஏற்காது. அந்த இரண்டு வாரமும் வகுப்புத் தலைவர்கள் எண்ணைத் துண்டுச் சீட்டில் எழுதி ஆயாவிடம் கொடுத்தாலே வேலை நடக்கும்.